ஆர்தஸ் விழுந்த இடம் ஸ்ட்ராத்தோம் அல்ல

வார்கிராஃப்ட் ரசிகர்கள் இரண்டு பேரை ஒரே அறையில் உட்காரவைத்து, "ஸ்ட்ராத்தோமில் ஆர்தஸ் செய்தது சரியா, தப்பா?" என்று கேட்டுவிட்டு வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். திரும்பி வரும்போதும் சண்டை முடிந்திருக்காது. 2002இல் வெளிவந்த ஒரு கம்ப்யூட்டர் கேம். அதில் வரும் ஒரு கற்பனை ஊர். அந்த ஊரில் நடந்த ஒரு கற்பனைப் படுகொலை. இதற்காக இருபது வருஷத்துக்கும் மேலாக ஆட்கள் அடித்துக்கொள்கிறார்கள் என்றால், கதை எழுதியவர்கள் ஏதோ ஒன்றைச் சரியாகச் செய்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். ஆனால் சண்டை தப்பான இடத்தில் நடக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. (விளையாடியவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போகலாம்.)

அசெராத் என்று ஓர் உலகம். அதில் லார்டரான் என்று ஒரு மனித ராஜ்ஜியம். அதன் ராஜா டெரெனாஸ், அவர் பிள்ளை ஆர்தஸ். நல்ல பையன். ஊத்தர் என்ற பெரிய வீரரிடம் பாடம் கற்று, ஒளியின் பெயரால் சத்தியம் செய்து 'பாலடின்' ஆனவன். ஜெய்னா என்ற மந்திரவாதப் பெண்ணோடு காதல். இந்த நேரத்தில் ராஜ்ஜியத்தில் ஒரு கொள்ளைநோய் பரவுகிறது. சாதாரண நோய் இல்லை. தானியத்தில் கலந்து அனுப்பப்படுகிறது. அந்தத் தானியத்தில் செய்த ரொட்டியைச் சாப்பிட்டவன் செத்து, பிறகு நடைபிணமாக எழுந்து, எதிரியின் படையில் சேர்ந்துவிடுவான். நோயின் தடத்தைப் பிடித்துக்கொண்டே போகும் ஆர்தஸ் கடைசியில் ஸ்ட்ராத்தோம் என்ற பெரிய நகரத்தின் வாசலுக்கு வருகிறான். தானியம் அவனுக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. ஊரில் விநியோகமும் ஆகிவிட்டது.

அப்போது அவன் எடுக்கும் முடிவு: மொத்த ஊரையும் கொன்றுவிட வேண்டும், அவர்கள் பிணங்களாக எழுவதற்குள். ஊத்தர் முடியாது என்கிறார். நீ இன்னும் ராஜா ஆகவில்லை, ஆகியிருந்தாலும் கீழ்ப்படிய மாட்டேன் என்கிற தோரணையில் பதில். ஆர்தஸ் அதை ராஜத்துரோகம் என்று சொல்லி அவரைப் பதவியிலிருந்து தூக்குகிறான். ஜெய்னா பார்க்க முடியாமல் கிளம்பிவிடுகிறாள். ஆர்தஸ் ஊருக்குள் நுழைகிறான்.

வழக்கமான வாதம் இரண்டு வகை. ஒரு கட்சி, "வேறு வழியே இல்லை. மருந்து கிடையாது. ஊத்தர் மறுத்தாரே தவிர மாற்று யோசனை ஒன்றாவது சொன்னாரா?" என்று கேட்கும். இன்னொரு கட்சி, "ஒரு மணி நேரம் பொறுத்து யோசித்திருக்கலாமே. எல்லோருமே அந்த ரொட்டியைத் தின்றார்கள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் சண்டை முடிவதில்லை.

இதில் பலரும் கவனிக்காத விஷயம், அந்தக் கட்டத்தை விளையாட்டு எப்படி விளையாட வைக்கிறது என்பது. வார்கிராஃப்ட் 3இல் இந்த மிஷன் ஒரு ஓட்டப்பந்தயம். மல்கானிஸ் என்ற பேய்த் தலைவன் ஒரு பக்கம் ஊர் ஜனங்களைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டே போவான். விளையாடுபவர் மறுபக்கம். அவன் நூறு பேரை எடுப்பதற்குள் இவர் நூறு பேரை முடிக்க வேண்டும். திரையில் எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருக்கும். எண்ணைப் பார்த்த பிறகு யாருக்காவது தர்மம், அதர்மம் ஞாபகம் வருமா? அறுபது, எழுபது என்று ஏறும்போது எதிராளி எழுபத்தைந்தில் இருக்கிறானே என்ற பதற்றம்தான் வரும். ஆர்தஸின் மண்டைக்குள் அந்த நேரத்தில் என்ன ஓடியதோ, அதையே விளையாடுபவரின் மண்டைக்குள்ளும் ஓட்டிவிட்டார்கள். வசனம் எழுதாமலேயே எழுதிய வசனம் அது.

2008இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் 'ராத் ஆஃப் தி லிச் கிங்' வந்தபோது இதே சம்பவத்தை மறுபடி ஒரு டஞ்சனாக வைத்தார்கள். இந்த முறை ஐந்து பேர் காலத்தில் பின்னோக்கிப் போய், வரலாறு மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதாவது படுகொலை ஒழுங்காக நடந்து முடிய ஆர்தஸுக்குக் கூட நின்று உதவ வேண்டும்! அதிலும் கடிகாரம். கடினமான நிலையில் இருபத்தைந்து நிமிஷத்துக்குள் ஒரு குறிப்பிட்ட எதிரியைக் கொன்றால் சவாரிக்கு ஒரு வெண்கல டிராகன் பரிசு. ஆரம்பத்தில் ஆர்தஸும் ஊத்தரும் ஜெய்னாவும் பேசிக்கொள்ளும் நீண்ட காட்சியைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஜனம் புலம்பியதில், பின்னால் அதைத் தாண்டிப்போக வழி செய்து கொடுத்தார்கள். ஒரு ராஜகுமாரன் தன் ஆத்மாவைத் தொலைக்க ஆரம்பிக்கும் காட்சி, டிராகனுக்கு லேட் ஆகிறது என்று தாண்டப்பட்டது. இதை விடப் பொருத்தமான விமர்சனம் அந்தக் காட்சிக்கு இருக்க முடியாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஸ்ட்ராத்தோமில் ஆர்தஸ் பயங்கரமான காரியம் செய்தான். ஆனால் அங்கே அவன் பொய் சொல்லவில்லை. "நான் செய்யப் போகிறேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லித்தான் செய்தான். பிடிக்காதவர்கள் போகலாம் என்றான், போனார்கள். ரத்தக்கறை தன் கையில்தான் என்று அவனுக்குத் தெரியும். அது தப்பாகவே இருந்தாலும், அந்தத் தப்புக்கு ஒரு சொந்தக்காரன் இருந்தான்.

அவன் விழுந்தது அடுத்த இடத்தில். மல்கானிஸைத் துரத்திக்கொண்டு வடக்கே நார்த்ரெண்ட் என்ற பனிப்பிரதேசத்துக்குப் படையோடு போகிறான். அங்கே முரடின் என்ற பழைய குள்ளர் நண்பனைச் சந்திக்கிறான். கொஞ்ச நாளில் ஊரிலிருந்து தூதுவன் வருகிறான். ஊத்தர் ராஜாவிடம் பேசிவிட்டார், படையைத் திருப்பி அழைத்துக்கொள்ள உத்தரவாகிவிட்டது. குளிரில் வதங்கிப்போன சிப்பாய்களுக்குச் சந்தோஷம். மூட்டை கட்டிக்கொண்டு கப்பலை நோக்கி நடக்க ஆரம்பிக்கிறார்கள்.

ஆர்தஸ் என்ன செய்கிறான்? காட்டில் இருக்கும் கூலிப்படையைக் காசு கொடுத்துப் பிடித்து, தன் ஆட்கள் கடற்கரைக்கு வந்து சேர்வதற்குள் தன் கப்பல்களையே கொளுத்துகிறான். சிப்பாய்கள் ஓடிவந்து எரியும் கப்பல்களைப் பார்த்துத் திகைக்கும்போது, பக்கத்தில் நிற்கும் கூலிப்படையைக் கைகாட்டி, "இவர்கள்தான் கொளுத்தினார்கள், கொல்லுங்கள்" என்கிறான். காசு வாங்கிக்கொண்டு சொன்ன வேலையைச் செய்தவர்கள் அதே இடத்தில் சாகிறார்கள்.

இங்கே கொள்ளைநோய் உண்டா? இல்லை. நூறு வரை எண்ணும் கடிகாரம் உண்டா? கப்பலைக் கொளுத்துவதற்கு மட்டும்தான் அவசரம், அதுவும் அவனே உண்டாக்கிக்கொண்டது. மாற்று வழி இருந்ததா? இரண்டு இருந்தன. ஒன்று, அப்பா சொன்னபடி வீட்டுக்குப் போவது. இரண்டு, "போக விரும்புகிறவன் போகலாம், நான் போகப்போவதில்லை" என்று சிப்பாய்களிடம் உள்ளதைச் சொல்வது. ஸ்ட்ராத்தோம் வாசலில் அதைச் சொல்லத் தெரிந்தவன்தானே? இங்கே ஏன் முடியவில்லை? ஏனென்றால் அங்கே சொன்னபோது எல்லோரும் விட்டுவிட்டுப் போனார்கள். இந்த முறை யாரும் போய்விடக் கூடாது. அதற்கு ஒரே வழி, போகும் பாதையை எரித்துவிட்டு, எரித்தவன் வேறு யாரோ என்று சொல்லிவிடுவது.

முரடின் அந்த இடத்திலேயே கேட்டுவிடுகிறான்: உன் ஆட்களிடம் பொய் சொன்னாய், உனக்காகச் சண்டை போட்டவர்களைக் காட்டிக்கொடுத்தாய், உனக்கு என்னதான் ஆயிற்று என்று. மல்கானிஸ் என் நாட்டுக்குச் செய்ததை நீ பார்க்கவில்லை என்பது ஆர்தஸின் பதில். கேட்ட கேள்விக்கும் சொன்ன பதிலுக்கும் சம்பந்தமே இல்லை. அதுதான் விஷயம்.

இதற்குப் பிறகுதான் ஃப்ராஸ்ட்மோர்ன் என்ற சபிக்கப்பட்ட வாள் வருகிறது. வரிசை முக்கியம். "பாவம், வாள்தான் அவன் ஆத்மாவைத் தின்றுவிட்டது, அவன் என்ன செய்வான்" என்று இரக்கப்படுகிறவர்கள் இந்த வரிசையை மறந்துவிடுகிறார்கள். வாளைத் தொடுவதற்கு முன்பே கப்பல்கள் எரிந்து முடிந்துவிட்டன. வாளின் அடியில் எழுதியிருந்த சாபத்தை முரடின் படித்தும் காட்டினான். எந்தச் சாபம் வந்தாலும் சுமக்கிறேன், என் நாட்டைக் காப்பாற்றினால் போதும் என்றான் ஆர்தஸ். பனி உடைந்து தெறித்த துண்டில் முரடின் அடிபட்டு விழுந்தபோது அவனை அப்படியே போட்டுவிட்டு நடந்தான். பின்னால் ஊருக்குத் திரும்பி, சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவை அதே வாளால் கொன்றான். பயிரைக் காக்கப் போட்ட வேலியே பயிரை மேய்ந்த கதை. ஆனால் வேலி ஒரே நாளில் மேய ஆரம்பிக்கவில்லை என்பதைப் படிப்படியாகக் காட்டியதில்தான் 2002இன் கதாசிரியர்கள் ஜெயித்தார்கள். வாள் அவனைக் கெடுக்கவில்லை. கெட்டுப்போனவனுக்கு ஓர் ஆயுதம் கிடைத்தது, அவ்வளவுதான்.

இனி சில்வானஸ். இந்தப் பதிவின் நிஜமான வருத்தம் இவளைப் பற்றியது.

சில்வானஸ் விண்ட்ரன்னர், சில்வர்மூன் நகரத்தின் வில்வீரர் படைத் தலைவி. இறந்துபோன சூனியக்காரன் கெல்துசாடை உயிர்ப்பிக்க ஆர்தஸுக்கு எல்ஃப்களின் புனித ஊற்று வேண்டியிருந்தது. வழியில் குறுக்கே நின்றவள் இவள். திரும்பத் திரும்ப அவன் படையைத் தாமதப்படுத்தினாள். கடைசியில் பிடிபட்டபோது அவளுக்குச் சுத்தமான சாவைக்கூட அவன் கொடுக்கவில்லை. ஆவியைப் பிடுங்கி ஓலமிடும் பேயாக்கி, அவள் காத்த ஜனங்களையே அவளை வைத்துக் கொல்ல வைத்தான். 2003இல் வந்த 'தி ஃப்ரோசன் த்ரோன்' கதையில் லிச் கிங்கின் பிடி தளர்கிறது. சில்வானஸுக்குத் தன் புத்தி திரும்ப வருகிறது. தன் உடம்பை மீட்டுக்கொண்டு, தன்னைப் போலவே பிடியிலிருந்து தப்பித்த பிணங்களைச் சேர்த்து 'ஃபர்சேக்கன்', அதாவது கைவிடப்பட்டவர்கள், என்று ஒரு ஜனக்கூட்டத்தை உண்டாக்குகிறாள். இந்தக் கூட்டத்தின் அடிப்படையே ஒன்றுதான்: எங்கள் புத்தி எங்களுடையது.

2009இன் கடைசியில் வந்த ஐஸ்கிரவுன் கோட்டையில் ஆர்தஸ் கொல்லப்படுகிறான். அதன் பிறகு இவளுக்கு என்ன வேலை? பிளிசார்ட் வெளியிட்ட 'எட்ஜ் ஆஃப் நைட்' என்ற சிறுகதை அதைத்தான் கேட்கிறது. பழிவாங்க ஆள் இல்லை, வாழக் காரணமும் இல்லை. ஐஸ்கிரவுன் உச்சியிலிருந்து குதித்துவிடுகிறாள். அப்புறம் அவள் பார்ப்பது இருட்டும் பயமும். தனக்காகக் காத்திருப்பது இதுதான் என்று புரிகிறது. வால்கிர் என்ற தேவதைகளோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு திரும்பி வருகிறாள். அதுவரை தன் ஜனங்களை ஆர்தஸ் மேல் எய்வதற்கான அம்புகளாக மட்டும் பார்த்தவள், அதற்குப் பிறகு தனக்கும் சாவுக்கும் நடுவில் நிற்கும் சுவராகப் பார்க்க ஆரம்பிக்கிறாள். அவளைப் பற்றி எழுதப்பட்டதிலேயே சிறந்த பக்கங்கள் அவை. ஒரு பெண் ஏன் கொடுங்கோலி ஆகிறாள் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? சாவு பயம். ஒருமுறை செத்துப் பார்த்தவளின் சாவு பயம்.

அடுத்தது 2010, 'கேட்டக்ளிஸம்'. போர்க்களத்தில் செத்துக்கிடக்கும் மனிதர்களை வால்கிர்களை வைத்து எழுப்பித் தன் ஜனத்தோடு சேர்க்கிறாள். அதைப் பார்த்து அருவருத்துப்போன ஹோர்டின் தலைவன் கராஷ், உனக்கும் லிச் கிங்குக்கும் என்ன வித்தியாசம் என்று நேராகவே கேட்கிறான். தான் ஹோர்டுக்குச் சேவை செய்வதுதான் வித்தியாசம் என்கிறாள். மேலோட்டமாகப் பார்த்தால் சாமர்த்தியமான பதில். யோசித்தால் வயிற்றைக் கலக்கும். முரடினுக்கு ஆர்தஸ் சொன்ன பதிலும் இதே ஜாதிதான். கேள்வி, என்ன செய்கிறாய் என்பது. பதில், யாருக்காகச் செய்கிறேன் என்பது.

இப்படி ஏழெட்டு வருஷம் பொறுமையாகக் கட்டிய பாத்திரத்தை அப்புறம் என்ன செய்தார்கள்?

2018இல் 'பேட்டில் ஃபார் அசெராத்'. சில்வானஸ் இப்போது ஹோர்டின் தலைவி. நைட் எல்ஃப்களின் வீடான டெல்ட்ராசில் என்ற மாபெரும் மரத்தைப் பிடிப்பது திட்டம். அவர்கள் தலைவன் மால்ஃபூரியனைக் கொன்றால் அந்த ஜனத்தின் நம்பிக்கையே செத்துவிடும் என்று கணக்கு. கணக்கு தப்புகிறது. மால்ஃபூரியன் பிழைத்துக்கொள்கிறான். செத்துக்கொண்டிருக்கும் ஒரு நைட் எல்ஃப் பெண், நம்பிக்கையை உன்னால் கொல்ல முடியாது என்கிறாள். சில்வானஸ் மரத்தைக் கொளுத்தச் சொல்கிறாள். உள்ளே ஜனங்கள் இருக்கிறார்கள். அந்த எல்ஃபின் முகத்தைத் திருப்பி, எரிவதைப் பார்க்க வைக்கிறாள்.

அந்த அனிமேஷன் வந்தபோது இணையமே கொதித்தது. 'எங்கள் சில்வானஸ் இப்படிச் செய்ய மாட்டாள்' என்று ஒரு கூட்டம். ஆனால் நிதானமாகப் பார்த்தால், செய்வாள். கராஷிடம் அந்தப் பதிலைச் சொன்னவள் செய்வாள். டெல்ட்ராசில் அவளுடைய ஸ்ட்ராத்தோம் இல்லை, அவளுடைய எரிந்த கப்பல்கள். இனி யாரும் திரும்பிப்போக முடியாது. ஹோர்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் அந்த நெருப்பில் பங்கு வந்துவிட்டது. இதை இப்படியே விட்டிருந்தால், தன்னைக் கொன்றவனாகவே மாறிப்போன ஒருத்தியின் கதையாக அது முடிந்திருக்கும். கசப்பாக இருந்திருக்கும், ஆனால் உண்மையாக இருந்திருக்கும்.

விடவில்லை. 2020இல் 'ஷேடோலேண்ட்ஸ்' வந்தது. செத்தவர்களின் உலகத்தில் ஜெயிலர் என்று ஒருவன். மொட்டைத் தலை, நெஞ்சில் ஓட்டை, பேச்சில் ஒரு சுவாரஸ்யமும் கிடையாது. சில்வானஸின் காரியங்களுக்குப் பின்னால் இவனோடு ஒரு கூட்டு இருந்ததாம். லிச் கிங்கின் கிரீடமும் ஃப்ராஸ்ட்மோர்ன் வாளும்கூட இவன் ஏற்பாடாம். 2021இல் இவன் அவளுடைய ஆத்மாவின் ஒரு துண்டைத் திருப்பிக் கொடுக்கிறான். ஆர்தஸ் கொன்ற அன்று வாளால் அறுந்து போன நல்ல துண்டு அதுவாம். அதுவரை அவள் பாதி ஆத்மாவோடுதான் நடமாடினாளாம்!

அதாவது, பதினெட்டு வருஷமாக 'என் புத்தி என்னுடையது' என்று சொன்னவளிடம், இல்லையம்மா, பாதிதான் உன்னுடையது என்று சொல்லிவிட்டார்கள். அவளை மன்னிக்க வைப்பதற்காகச் செய்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது. ஆர்தஸ் அவளிடமிருந்து பிடுங்கியது உயிரை. கதாசிரியர்கள் பிடுங்கியது அவள் செய்ததெல்லாம் அவளே செய்தது என்ற ஒரே சொத்தை. துண்டு திரும்பிய பிறகு அவள் சாக்குச் சொல்லவில்லை என்பதை நியாயமாகச் சொல்லியாக வேண்டும். நான் செய்தவைதான் என்று ஏற்றுக்கொள்கிறாள். ஆனால் பாத்திரம் மறுக்கும் சாக்கைக் கதையே மேஜை மேல் வைத்துவிட்ட பிறகு அந்த ஏற்புக்கு எடை ஏது?

இதே கம்பெனிக்கு இது தெரியாததும் இல்லை. 2017இல் இல்லிடனின் காட்சி ஒன்று இருக்கிறது. துரோகி என்று பத்தாயிரம் வருஷம் சிறையில் கிடந்தவன். (2007இல் அவனையே பைத்தியக்கார வில்லனாக்கிக் கொன்று, 2016இல் 'எல்லாம் நல்லதுக்குத்தான் செய்தான்' என்று திருப்பிக் கொண்டுவந்தார்கள். அது தனிப் பதிவுக்கான புலம்பல்.) ஸெரா என்ற ஒளி வடிவம் அவனைப் பிடித்துவைத்து, உன் தழும்புகளை எல்லாம் துடைத்துப் புதுசாக்கித் தருகிறேன் என்கிறது. வேண்டாம் என்கிறான். அது வலுக்கட்டாயமாகச் செய்யப் பார்க்கிறது. உடைத்துத் தூள் தூளாக்கிவிடுகிறான். என் பாவம் என்னுடையது, யாரும் கழுவ வேண்டாம் என்று ஒரு பாத்திரம் சொன்ன மிகச் சிறந்த தருணம் அது. நாலே வருஷத்தில் அதே கழுவலைச் சில்வானஸுக்கு, அவளைக் கேட்காமலேயே, செய்தார்கள்.

ஆர்தஸுக்கு நடந்தது இன்னும் மோசம். 2022இன் தொடக்கத்தில் வந்த கடைசி அத்தியாயத்தில் அவன் ஆத்மாவின் மிச்சம் ஒரு சின்ன நீல வெளிச்சமாக வருகிறது. சுற்றி ஜெய்னா, ஊத்தர், சில்வானஸ். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. சில வினாடிகளில் அணைந்துவிடுகிறது. இருபது வருஷக் கதைக்கு முற்றுப்புள்ளி ஒரு மின்மினிப்பூச்சி. 2010இல் ஐஸ்கிரவுனில் அவன் செத்தபோது, இறந்துபோன அப்பாவின் ஆவியைப் பார்த்து எல்லாம் முடிந்ததா என்று ஒரு சிறுபிள்ளை போலக் கேட்டானே, அதுவே முடிவாக இருந்திருக்கலாம். அத்தனை வருஷமும் ஜெய்னாவின் லாக்கெட்டை அவன் வைத்திருந்தான் என்பதும் அந்தக் கோட்டையில்தான் தெரியவந்தது. அந்த ஒரு பொருளில் இருந்த கதை மொத்த ஷேடோலேண்ட்ஸிலும் இல்லை.

சில்வானஸுக்குக் கடைசியில் தீர்ப்புச் சொல்லும் உரிமை டிராண்டேவிடம் கொடுக்கப்பட்டது. எரிந்த மரத்தின் ஜனங்களுக்குத் தலைவி அவள். கொன்றுவிடு என்று சொல்ல எல்லாக் காரணமும் இருந்தது. அவள் சொல்லவில்லை. மா என்ற நரகத்துக்குள் இறங்கி, அங்கே மாட்டிக்கொண்ட ஒவ்வோர் ஆத்மாவையும் தேடிப் பிடித்து வெளியே அனுப்பு, கடைசி ஆத்மா போகும்வரை நீ வரக்கூடாது என்றாள். சில்வானஸ் மறுபேச்சில்லாமல் இறங்கிப் போனாள். டிராண்டே தீர்ப்பளித்தது முழு ஆளுக்கு, பாதி ஆத்மாவுக்கு அல்ல. அந்தக் காட்சியில் மட்டும் யாரோ பழைய கதையை ஞாபகம் வைத்திருந்து எழுதியிருக்கிறார்கள்.